கடைவீட்டு முற்றமா, கடற்கரை அறையா?

கேள்வி: டிசம்பர் பள்ளி விடுமுறையில், வெள்ளிக்கிழமை தொடங்கி மூன்று இரவு பினாங்கில் தங்கப் போகிறோம். நான், கணவர், 9 வயது மகள், 6 வயது மகன், 68 வயது அம்மா, திருச்சியிலிருந்து வரும் பெரியம்மா மகள் என ஆறு பேர். சொந்தக் காரில் வருகிறோம். இரண்டு பூட்டிக் விடுதிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று ஜோர்ஜ்டவுனில் லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில், பழைய கடைவீட்டை (கீழே கடை, மேலே வீடு) புதுப்பித்தது. 14 அறைகள். அறைக்கு 340 வெள்ளி, பசியாறல் கிடையாது. இன்னொன்று கடற்கரைப் பகுதியான பத்து ஃபெரிங்கியில், 22 அறைகள், நீச்சல்குளம் உண்டு. 390 வெள்ளி, பசியாறலோடு. ஆனால் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். அவர் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கும் குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலுக்கும் போக வேண்டும் என்கிறார். பிள்ளைகளுக்குக் கடல். அக்கா சுத்த சைவம். கடைவீட்டுப் படங்களைப் பார்த்ததிலிருந்து என் மனம் அங்கேயே நிற்கிறது. 50 வெள்ளி மிச்சமும் ஆகிறதே! எதை எடுக்கலாம்?
– வாசகி, கிள்ளான்

பதில்: அன்புள்ள சகோதரி, பத்து ஃபெரிங்கி விடுதியையே எடுங்கள். ஆனால் அம்மாவுக்குப் படியேறாமல் போகக்கூடிய அறை அங்கே கிடைக்கிறது என்று எழுத்தில் உறுதி வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். முடிந்தால் நாள்களையும் மாற்றுங்கள். வெள்ளி முதல் திங்கள் வரை என்பதை ஞாயிறு முதல் புதன் வரை என்று வைத்துக்கொண்டால் விலை, சாலை, கூட்டம் மூன்றிலும் உங்களுக்கு நன்மை.

கோயில் என்பது போய்க் கும்பிட்டுவிட்டு வருகிற இடம். கடல் அப்படியல்ல, பக்கத்திலேயே இருந்தால்தான் பிள்ளைகளுக்கு அது கடல். காலை 8 மணிக்கு ஒன்றரை மணி நேரம், வெயில் ஏறியதும் அறை, குளியல், தூக்கம், மாலை 5 மணிக்கு மறுபடி தண்ணீர் என்று போனால்தான் அவர்கள் ஆசை தீரும். நகரத்தில் தங்கினால் ஏறக்குறைய 15 கிலோமீட்டர் வளைவுச் சாலையில் போய், மணலோடும் ஈரத்துணியோடும் காரில் ஏற்றி, அதே வழியில் திரும்ப வேண்டும். ஒரு தடவை போய் வந்தால் மறுநாள் பெரியவர்கள் யாருக்கும் போக மனம் வராது. அம்மா எந்நேரமும் உங்கள் கூடவே வெயிலில் நிற்க வேண்டியிருக்கும் என்பது இன்னொரு சங்கடம். விடுதி கடற்கரையிலேயே இருந்தால் அவர் நினைத்தபோது அறைக்குப் போய்க் காலை நீட்டிக்கொள்ளலாம்.

கோயில்களுக்குத் தனிப் பயணம் தேவையில்லை. இரண்டும் உங்கள் வழியிலேயே இருக்கின்றன. கிள்ளானிலிருந்து பினாங்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். விடியற்காலை 5 மணிக்குப் புறப்பட்டு, இரண்டு ஓய்விடங்களில் இருபது இருபது நிமிடம் நின்று வந்தாலும் 10 மணிவாக்கில் தீவில் இருப்பீர்கள். முதல் பாலத்தையே பிடியுங்கள். அது குளுகோரில் இறங்குகிறது, அங்கிருந்து நகரம் பக்கம். 2014இல் திறந்த இரண்டாம் பாலம் தீவின் தெற்கே பத்து மாவுங்கில் கொண்டுபோய் விடும், உங்களுக்கு அது சுற்று. நேரே குயின் ஸ்திரீட்டுக்குப் போய், 11 மணிக்குள் மாரியம்மனைத் தரிசித்துவிடுங்கள். நண்பகலில் நடை சாத்தும் நேரத்தைக் கோயிலில் முன்பே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. 1833இல் எழுந்த கோயில் அது, தெருமட்டத்திலேயே இருக்கிறது, அம்மாவுக்குச் சிரமம் இருக்காது. அம்மாவையும் அக்காவையும் கோயில் வாசலில் இறக்கிவிட்டு உங்கள் கணவர் கார் நிறுத்த இடம் தேடட்டும். பினாங்கில் தெருவோர நிறுத்தத்துக்கு பிஎஸ்பி என்ற செயலிதான், அதைக் கிள்ளானிலேயே கைத்தொலைபேசியில் இறக்கிப் பணம் போட்டு வைத்துவிடுங்கள். தரிசனம் முடிந்ததும் லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு. ஒன்றரை மணிக்குக் கிளம்பினால், அறை கொடுக்கும் நேரமான 3 மணிக்கு முன்பாகவே பத்து ஃபெரிங்கியில் இருப்பீர்கள்.

தண்ணீர்மலையை ஊருக்குத் திரும்பும் நாளுக்கு வையுங்கள். மலைமேல் பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படிகள். தேய்ந்த முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமை, ஒவ்வோர் அடியிலும் உடல் எடை முழுதும் வளைந்த முட்டியின்மேல் விழும். அம்மா ஆசைப்பட்டாலும் விடாதீர்கள். அடிவாரத்தில் அதே சாலையில் நாட்டுக்கோட்டை நகரத்தார் முருகன் கோயில் தரைமட்டத்தில் இருக்கிறது. அம்மா அங்கே அமர்ந்து நிம்மதியாகக் கும்பிடட்டும், அதற்குள் உங்களில் இருவர் பிள்ளைகளோடு மலையேறி அர்ச்சனைத் தட்டைக் கொண்டுவந்துவிடலாம். காலை 8 மணிக்கு அறையைக் காலிசெய்தால் கோயில் முடித்துப் பாலம் ஏற 11 மணி ஆகும், இருட்டுவதற்கு முன் வீடு. இப்படிப் போட்டால் நடுவில் இரண்டு முழு நாள் கடலுக்கென்றே மிஞ்சும்.

இனி அந்த 50 வெள்ளி. அது 50 அல்ல. விலைக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கூட்டல் குறியில் ஒன்று விடுதியின் சேவைக் கட்டணம், வழக்கமாக 10 விழுக்காடு. மற்றது அரசாங்கத்தின் சேவை வரி, 2024 மார்ச்சிலிருந்து 8 விழுக்காடு. இரண்டு அறை, மூன்று இரவு, 390 வெள்ளி என்றால் 2,340. அதன்மேல் 18 விழுக்காடு சேர்ந்தால் 2,761 வெள்ளி 20 காசு. கடைவீட்டு விடுதியில் 340 வெள்ளி எல்லாம் அடங்கிய விலை என்று வைத்தால் 2,040. மூன்று காலை ஆறு பேர் வெளியே பசியாற நாளுக்கு 60 வெள்ளி என்று கணக்கிட்டால் 2,220 ஆகும். ஆக, உண்மையான வித்தியாசம் 540 வெள்ளியைத் தாண்டுகிறது. சிறிய தொகை அல்ல என்பது தெரிந்துதான் பத்து ஃபெரிங்கியைச் சொல்கிறேன். ஆனால் அதைக் குறைக்க வழி இருக்கிறது.

முதல் வழி, நாளை மாற்றுவது. பினாங்கில் வார இறுதி சனி, ஞாயிறு. பக்கத்து மாநிலமான கெடாவில் வெள்ளி, சனி. அதனால் வியாழன் மாலையிலிருந்து ஞாயிறு காலைவரை கடற்கரை விடுதிகளில் இரண்டு கூட்டமும் சேர்ந்து விழும், விலையும் அதற்கேற்ப ஏறும். ஞாயிறு, திங்கள், செவ்வாய் இரவுகளின் விலையைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள். கிறிஸ்துமஸ் வாரத்தை மட்டும் தொடாதீர்கள். அடுத்தது, முன்பதிவுத் தளத்தில் கண்ட விலையைச் சொல்லி விடுதிக்கே தொலைபேசியில் பேசுவது. தளங்களுக்குக் கொடுக்கும் தரகு அவர்களுக்கு மிச்சமாகும் என்பதால், விலையைக் குறைக்காவிட்டாலும் பிள்ளைகளின் பசியாறலையாவது இலவசமாக்குவார்கள். அறை விலையில் பெரும்பாலும் இரண்டு பேருக்குத்தான் பசியாறல் அடங்கும். இரண்டு அறைக்கு நான்கு பேர், பிள்ளைகள் இருவரும் கணக்குக்கு வெளியே. இதைக் கேட்காமல் போனால் கடைசி நாள் பில்லில் தெரியும்.

அக்கா இந்தியக் கடப்பிதழில் வருவதால் அவர் தங்கும் அறைக்குச் சுற்றுலா வரி உண்டு, ஓர் இரவுக்கு 10 வெள்ளி, மூன்று இரவுக்கு 30. இது எந்த விடுதி எடுத்தாலும் ஒன்றுதான். மலேசியக் குடிமக்களுக்கு இந்த வரி கிடையாது. ஆகவே உங்கள் அறைக்கும் சேர்த்துப் போட்டிருந்தால் மைகார்ட் அடையாள அட்டையைக் காட்டி நீக்கச் சொல்லுங்கள்.

உங்கள் மனம் நிற்கும் அந்தக் கடைவீட்டைப் பற்றிச் சொல்லாமல் போனால் நியாயமாகாது. நல்ல முறையில் புதுப்பித்த கடைவீட்டில் தங்குவது பினாங்கில் கிடைக்கிற சுகங்களில் ஒன்று. 2008இல் ஜோர்ஜ்டவுன் உலக மரபுடைமை நகரமானதே இந்தக் கட்டடங்களால்தான். நீங்களும் கணவரும் மட்டும் போவதாயிருந்தால் யோசிக்காமல் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் முட்டி வலிக்கும் அம்மாவும் ஓடி விளையாடும் ஆறு வயதுப் பிள்ளையும் உள்ள குடும்பத்துக்கு அந்தக் கட்டடத்தின் அமைப்பே எதிராக நிற்கிறது.

கடைவீடு ஐந்தாறு மீட்டர் அகலம், ஆனால் நீளம் முப்பது மீட்டரைத் தொடும். இரண்டு பக்கச் சுவரும் அடுத்த வீட்டோடு பொதுச் சுவர், பக்கவாட்டில் சன்னல் வைக்க வழியே இல்லை. வெளிச்சம் வருவது மூன்றே இடத்திலிருந்து. முன்னால் தெரு, நடுவில் முற்றம், பின்னால் சந்து. அதனால் கடைவீட்டு விடுதியில் அறையின் பெயரைவிட அது எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதே முக்கியம். முன்னறை அஞ்சடிக்கு, அதாவது கடைமுன் நடைபாதைக்கு மேலே, உயரமான மரச்சன்னல்களோடு அழகாக இருக்கும். நீங்கள் பார்த்த படமும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். லிட்டில் இந்தியா பக்கம் என்றால் கடைகளின் பாட்டுச் சத்தம் இரவுவரை அந்தச் சன்னல் வழியே வரும். மரச்சட்டச் சன்னல் சத்தத்தைத் தடுக்காது, உட்புறம் இரண்டாவது கண்ணாடிச் சன்னல் போட்டிருந்தால்தான் தூங்க முடியும். நடு அறைகளின் சன்னல் முற்றத்தைப் பார்க்கும். காற்றும் வெளிச்சமும் மென்மையாக வரும், ஆனால் கீழே யாராவது பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மேலே ஏறும். ஏர்கோன்களின் வெளிப்பெட்டிகளையும் சிலர் அந்த முற்றத்திலேயே வரிசையாக மாட்டிவிடுகிறார்கள், அப்போது சூடும் ரீங்காரமும் அறைக்குத்தான் வரும். பின்னறை அமைதி என்பார்கள். சந்தில் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையின் அடுப்படி இருந்தால் எண்ணெய் வாடையும், விடியலில் குப்பை லாரியும் சேர்ந்து வரும்.

இவற்றில் எந்த வகையிலும் சேராத அறைகளும் உண்டு, சன்னலே இல்லாதவை. தளத்தில் அறையின் விவரத்தில் 'சன்னல்' என்ற சொல்லே வராவிட்டால் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மரக் கட்டடத்தில் அத்தகைய அறையைக் குடும்பத்துக்கு எடுக்காதீர்கள். தீ, புகை என்று வந்தால் வெளியேற ஒரே கதவுதான் இருக்கும். எந்த அறையானாலும், மாடியிலிருந்து இறங்க இரண்டாவது படிக்கட்டு இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை.

அம்மாவுக்கு வருவோம். உயரக் கட்டுப்பாட்டாலும், பழைய அமைப்பை மாற்றக் கூடாது என்ற விதிகளாலும் பல கடைவீட்டு விடுதிகளில் மின்தூக்கி கிடையாது. மரப்படிக்கட்டு குறுகலாக, செங்குத்தாக, ஒரு பக்கம் மட்டும் கைப்பிடியோடு இருக்கும். 'முதல் மாடிதான், கொஞ்சம் படிதான்' என்ற பதிலை ஏற்காதீர்கள். எத்தனை படி, இருபுறமும் பிடிமானம் உண்டா என்று எண்ணிச் சொல்லக் கேளுங்கள். இரண்டு மூன்று கடைவீடுகளைச் சுவரை உடைத்து இணைத்திருந்தால் ஒரு வீட்டின் தரைக்கும் அடுத்ததன் தரைக்கும் மட்டம் ஒத்துவராது, நடைபாதையிலேயே ஒன்றிரண்டு படி திடீரென்று வரும்.

இன்னொரு பொறி குளியலறை. மரத்தளத்துக்கு நடுவே குழாயைப் புதைக்க முடியாது. அதனால் மாடி அறைகளில் குளியலறைத் தரையை ஒரு சாண் அளவு உயர்த்தி, அதற்கடியில் கழிவுநீர்க் குழாயை ஓட்டுவார்கள். நடுராத்திரியில் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து போகும் பெரியவர், உள்ளே போகும்போது அந்த மேட்டில் இடித்துக்கொள்ளாமல் ஏறிவிடுவார். திரும்பும்போது ஈரக்காலோடு அது மேடு என்பதே மறந்து காலை வைப்பார். விழுவது அங்கேதான். அறையின் படத்தில் குளியலறைக் கதவின் அடிப்பகுதியை விரலால் பெரிதாக்கிப் பாருங்கள், நிலைப்படியின் உயரம் தெரிந்துவிடும்.

தரைத்தளத்து அறை கிடைத்தால் படிக்கட்டுத் தொல்லை தீரும், ஆனால் ஈரம் வரும். பழைய சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும். சுண்ணாம்புப் பூச்சு மண்ணிலிருந்து ஏறும் ஈரத்தை மூச்சுவிடுவதுபோல் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டோ பிளாஸ்டிக் சாயமோ பூசிவிட்டால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, தரையிலிருந்து இடுப்பளவு உயரத்துக்குச் சாயம் கொப்பளிக்கும், உப்புப் பூக்கும், பூஞ்சை வாடை தங்கிவிடும். விருந்தினர் கருத்துகளில் 'ஈர வாடை', 'பழைய வாடை' என்று கடந்த மூன்று மாதத்தில் இரண்டு பேர் எழுதியிருந்தால் போதும், விட்டுவிடலாம்.

படத்தைப் பார்த்து அறையின் அளவைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். அகலக் கோண லென்சில் எந்த அறையும் மண்டபம்போல் தெரியும். ஆனால் தரையோட்டை ஏமாற்ற முடியாது. பூவேலை போட்ட பழைய பாணி சிமெண்டு ஓடுகள் பெரும்பாலும் 20 செண்டிமீட்டர் சதுரம். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் மூன்று ஓடு தெரிந்தால் 60 செண்டிமீட்டர், ஒருவர் நடக்கலாம். இரண்டு ஓடுதான் என்றால் பெட்டியைத் திறக்கக்கூட இடம் இருக்காது. மரத்தளமாக இருந்தால் கட்டிலை அளவுகோலாக வையுங்கள். நம் நாட்டில் கிங் கட்டில் 183 செண்டிமீட்டர் அகலம், குயின் 152.

இந்த அளவு இரண்டு விடுதிக்கும் வேண்டும், ஏனென்றால் நீங்கள் ஆறு பேர். உங்கள் அறையில் பெற்றோர் இருவரும் பிள்ளைகள் இருவரும். குளியலறை உட்பட 18 சதுர மீட்டர் அறையில் கிங் கட்டில் போட்டபின் ஒரு கூடுதல் மெத்தைதான் விரிக்க முடியும், இரண்டாவதை விரித்தால் கதவு திறக்காது. ஒன்று 25 சதுர மீட்டருக்குக் குறையாத குடும்ப அறை கேளுங்கள், இல்லையென்றால் ஒரு பிள்ளை பாட்டியோடு படுக்கட்டும். அம்மாவும் அக்காவும் இருக்கும் அறைக்கு இரண்டு தனித்தனிக் கட்டில் என்று அழுத்திச் சொல்லுங்கள். வலியுள்ள முட்டியோடு ஒரே மெத்தையில் படுத்தால் இருவருக்கும் தூக்கம் போகும். இரண்டு அறையும் அடுத்தடுத்து, ஒரே தளத்தில் இருக்க வேண்டும். இதைப் பதிவு செய்யும்போதே கேட்டால் கிடைக்கும், வந்து இறங்கியபின் கேட்டால் கிடைக்காது.

பத்து ஃபெரிங்கியிலும் எல்லாம் பொன் அல்ல. அங்கே ஒரே பிரதான சாலைதான், அதற்கு ஒருபுறம் கடல், மறுபுறம் மலை. சிறிய விடுதிகளில் பல மலைப்பக்கத்தில் இருக்கின்றன. 'கடற்கரைக்கு இரண்டு நிமிடம்' என்பதன் பொருள், அந்தச் சாலையைக் கடக்க வேண்டும் என்பது. பேருந்தும் காரும் விரையும் சாலை, மாலையானால் ஓரத்தில் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தைக் கடைகளும் சேரும். ஆறு வயதுப் பிள்ளையோடு தினம் நான்கு தடவை கடப்பதென்றால் ஒரு பெரியவர் அதற்கென்றே இருக்க வேண்டும். வரைபடத்தில் விடுதி எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள். மலைப்பக்கம் என்றால் விட்டுவிட வேண்டும் என்றில்லை, விளக்கோ பாதசாரிக் கடவையோ எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். மலைச்சரிவில் கட்டிய விடுதிகளில் வரவேற்பறைக்கு ஏறவே படிகள் இருக்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

கடல் பார்த்த அறை, பகுதிக் கடல் பார்வை, மலைப் பார்வை என்று மூன்று விலை சொல்வார்கள். பகுதிக் கடல் பார்வை என்றால் பால்கனியின் ஓரத்தில் நின்று கழுத்தைத் திருப்பினால் கடல் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்குக் கூடுதல் பணம் வேண்டாம். 'சூரிய அஸ்தமன அறை' என்று கேட்டால் அதற்கும் கொடுக்காதீர்கள். அந்தக் கரை வடக்கு நோக்கியது. டிசம்பரில் சூரியன் தென்மேற்கே சாய்ந்து மலைப்பக்கமாக மறையும். கடலுக்கு அருகே இறங்குவதைப் பார்க்க ஜூன் மாதம்தான் வர வேண்டும். கூடுதல் பணம் கொடுப்பதானால் அம்மாவின் அறைக்கு நேரான கடல் பார்வை எடுங்கள், பகலில் அந்த அறையில் அதிக நேரம் இருக்கப்போவது அவர்தான்.

கடற்காற்றின் உப்பு இரும்பைத் தின்னும். பால்கனியின் தள்ளுக்கதவு இறுகிப் போயிருக்கும், அல்லது பூட்டு பிடிக்காது. பிள்ளை இருக்கும் வீட்டில் பூட்டு பிடிக்காத பால்கனிக் கதவு ஆபத்து. சாவி வாங்கியதும் நீங்கள் முதலில் சோதிக்க வேண்டியது அதைத்தான். கொக்கியைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள், அசைந்தால் வேறு அறை கேளுங்கள். பிறகு ஏர்கோனை முழு வேகத்தில் போட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். துளைகளில் உப்பு அடைத்த பெட்டி சத்தம் போடும், குளிராது. குளியலறையில் சாக்கடை வாடை வந்தால் பதற வேண்டாம், அறை பல நாள் காலியாக இருந்து தரை வடிகுழியின் வளைவில் தேங்கும் நீர் வற்றியிருக்கும். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் கால் மணி நேரம் விடுங்கள். வாடை நின்றால் சரி, நிற்காவிட்டால் குழாயில் கோளாறு, அறையை மாற்றுங்கள்.

நீச்சல்குளத்தைப் பற்றி ஆழம் எவ்வளவு, பிள்ளைகளுக்கென்று தனிப் பகுதி உண்டா, எத்தனை மணிவரை என்று கேட்டு வாங்குங்கள். சிறிய விடுதிகளில் 1.2 மீட்டருக்கும் மேல் ஒரே ஆழத்தில் குளம் கட்டியிருப்பார்கள், உயிர்காப்பாளர் இருக்க மாட்டார். ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்த ஆழம் தலைக்கு மேல். பருத்திச் சட்டையோடு இறங்க விடமாட்டார்கள், நீச்சலுடை ஆளுக்கு இரண்டு எடுத்துப் போங்கள்.

கடலைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பத்து ஃபெரிங்கித் தண்ணீர் கலங்கல்தான், லங்காவியையோ கிழக்குக் கரைத் தீவுகளையோ எதிர்பார்த்துப் போகாதீர்கள். பிள்ளைகள் மணலில் வீடு கட்டி, முழங்கால் ஆழத்தில் அலையோடு விளையாட நல்ல கரை. வற்றமும் ஏற்றமும் நாளுக்கு இரண்டு தடவை, நேரம் தினமும் ஐம்பது நிமிடம்போலத் தள்ளிப்போகும். நீங்கள் போகும் நாள்களின் பினாங்கு அலைநேரத்தை இணையத்தில் பார்த்து, தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தைப் பிள்ளைகளுக்கு வையுங்கள். வடிகிற நேரத்தில் நீர் உள்ளே இழுக்கும். மழை பெய்த மறுநாள், ஆறோ கால்வாயோ கடலில் கலக்கும் இடத்திலிருந்து நன்றாகத் தள்ளிப் போங்கள். செப்டம்பர், அக்டோபரில் பினாங்கில் மழை மிகுதி, டிசம்பரில் குறையத் தொடங்கும் என்றாலும் மாலை மழை ஒன்றிரண்டு நாள் இருக்கும். அதனால் காலையை வீணாக்காதீர்கள். நீர்விளையாட்டுப் படகுகளும் ஜெட்ஸ்கியும் ஏறி இறங்கும் பகுதியில் பிள்ளைகளை விடவே கூடாது.

சொறிமுட்டை, அதாவது ஜெல்லி மீன், பினாங்குக் கடலில் உண்டு. பெட்டி வடிவச் சொறிமுட்டையும் உண்டு, அதன் கொட்டு ஆபத்தானது. பிள்ளைகளுக்கு முழுக்கை, முழுக்கால் நீச்சலுடை வாங்குங்கள், கொட்டுவதற்கு வெறும் தோல் குறையும். ஒரு போத்தல் வெள்ளை வினிகரைக் கடற்கரைப் பையிலேயே வையுங்கள். கொட்டிவிட்டால் உடனே கரையேற்றி, தேய்க்காமல், நல்ல தண்ணீர் ஊற்றாமல், வினிகரை அரை நிமிடமாவது தாராளமாக ஊற்ற வேண்டும். நல்ல தண்ணீரும் தேய்ப்பும் தோலில் ஒட்டியிருக்கும் வெடிக்காத நச்சுப் பைகளை வெடிக்க வைக்கும். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மயக்கம் எதுவானாலும் 999. இதைப் படித்துக் கடலே வேண்டாம் என்று முடிவெடுக்க வேண்டியதில்லை, வினிகரை மட்டும் மறக்காதீர்கள்.

அக்காவின் சாப்பாடு. விடுதிப் பசியாறலில் 'காய்கறி' என்று எழுதியிருப்பது நம் சைவம் அல்ல. நாசி லெமாக் சம்பலில் நெத்திலியும் பெலாச்சான் என்ற இறால் விழுதும் இருக்கும், பொரித்த மீஹூனில் முட்டை இருக்கும், காய்கறிப் பொரியலிலும் சிப்பிச் சாறு சேர்ப்பார்கள். முன்கூட்டியே 'இறைச்சி, மீன், முட்டை, பெலாச்சான், சிப்பிச் சாறு எதுவும் கூடாது' என்று பெயர் சொல்லி எழுதினால் சிறிய விடுதிச் சமையலறையில் ரொட்டி, பழம், தனியாக ஒரு பிரட்டல் என்று செய்து கொடுப்பார்கள். இருபத்திரண்டு அறை விடுதியின் நன்மை இதுதான், சமையல்காரரிடமே பேச முடியும். முதல் நாள் லிட்டில் இந்தியாவிலிருந்து கிளம்பும்போது இரவுக்கு நான்கு பொட்டலம் சைவச் சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள்.

நகரத்துக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் போவதானால் திங்களோ செவ்வாயோ போய், 8 மணிக்குள் திரும்பக் கிளம்பிவிடுங்கள். தஞ்சோங் புங்காவுக்கு அப்பால் சாலை கடலோரமாக வளைந்து வளைந்து போகும். வயிறு நிறைய உண்ட பிள்ளையைப் பின்னிருக்கையில் கைத்தொலைபேசி பார்க்க விட்டால் வாந்தி நிச்சயம்.

பதிவு செய்யும்போது 'பணம் திரும்பாது' என்ற மலிவு விலையைத் தொடாதீர்கள். பெரியவர் உடன் வரும் பயணத்தில் கடைசி நேரத்தில் எதுவும் மாறலாம். நேரடியாக விடுதிக்குப் பணம் கட்டினால் நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும் கட்டுங்கள். தனி நபர் பெயரில் கணக்கு கொடுத்தால் விடுதியின் வரவேற்பறைக்குத் தொலைபேசியில் பேசாமல் ஒரு காசும் அனுப்பாதீர்கள், விடுதிப் படங்களைத் திருடிப் போலிப் பக்கம் நடத்துபவர்கள் விடுமுறைக் காலத்தில்தான் வலை விரிப்பார்கள். சாவி கொடுக்கும்போது வைப்புத்தொகை கேட்பார்கள். டெபிட் அட்டையில் பிடித்தால் திரும்பி வர நாளாகும், ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

நாளைக்கே அந்த பத்து ஃபெரிங்கி விடுதிக்கு வாட்சாப்பில் இப்படி அனுப்புங்கள்: 'ஞாயிறு முதல் புதன்வரை இரண்டு அறை, ஒரே தளம், அடுத்தடுத்து. ஒன்றில் இரண்டு தனித்தனிக் கட்டில், முட்டி வலியுள்ள 68 வயதுப் பெரியவருக்கு. கார் நிறுத்துமிடத்திலிருந்து அந்த அறைவரை எத்தனை படி? மின்தூக்கி உண்டா? குளியலறையில் கைப்பிடி உண்டா, நிலைப்படி எவ்வளவு உயரம்? கடற்கரைக்குச் சாலை கடக்க வேண்டுமா? வரி, சேவைக் கட்டணம், பிள்ளைகள் இருவரின் பசியாறல் எல்லாம் அடங்கிய மொத்தத் தொகை எவ்வளவு?' படியின் எண்ணிக்கையைச் சொல்லி, குளியலறையைப் படம் எடுத்தும் அனுப்புகிறவர்கள் என்றால் அங்கேயே பதிவு செய்யுங்கள். ஐந்து படிக்கு மேல் ஏற வேண்டும், மின்தூக்கி இல்லை என்று பதில் வந்தால் அதே கேள்விகளைக் கடைவீட்டு விடுதிக்கு அனுப்பி, தரைத்தளத்தில் முற்றத்தைப் பார்த்த சன்னலோடு, இரண்டு தனித்தனிக் கட்டில் உள்ள அறை இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதை எடுத்து, இரண்டாம் நாள் காலை 8 மணிக்கே பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப் போய்விட்டு 11 மணிக்குள் திரும்பிவிடுங்கள். அம்மாவும் அக்காவும் அந்த நேரத்தில் மாரியம்மன் கோயிலில் இருக்கட்டும்.